எந்த டேபிளில் உட்காருவது? ஒரு கடைமடைக்காரன் போட்ட கணக்கு

மான்செஸ்டரில் கிடங்கு வேலை பார்க்கும் சித்தி பையன் போன வாரம் வாட்ஸப்பில் கேட்டான்: "அண்ணே, ஆன்லைன் போக்கர் ஆடலாம்னு இருக்கேன். சின்ன காசுதான். ஆறு பேர் டேபிள் நல்லதா, ஒம்பது பேர் டேபிள் நல்லதா? நீங்க ஆடுனவங்க, சொல்லுங்க."

ஆடினவன்தான். 2020 ஊரடங்கில் தொடங்கி 2025 ஆகஸ்ட் வரை, பெரும்பாலும் 1 ரூபாய்க்கு 2 ரூபாய் பிளைண்டில் (சீட்டு வருவதற்கு முன்பே இரண்டு பேர் முறைவைத்துக் கட்ட வேண்டிய கட்டாயக் காசு, அதில் பெரியது பிக் பிளைண்ட்), கும்பகோணத்தில் எங்கள் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து ஆடியிருக்கிறேன். பெரிதாகச் சம்பாதிக்கவும் இல்லை, பெரிதாக விடவும் இல்லை. தினமும் ஒரு நோட்டில் எழுதி வைத்ததால் இதைத் தைரியமாகச் சொல்கிறேன். அந்த நோட்டைப் புரட்டினால் ஒரு விஷயம் உறுத்தும். நான் நன்றாக ஆடிய நாள்களும் லாபம் வந்த நாள்களும் ஒன்றாக இல்லை. நல்ல டேபிள் கிடைத்த நாள்களில்தான் லாபம் வந்திருக்கிறது.

ஊரில் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வியே கிடையாது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். 2022-ல் தமிழ்நாடு அரசு ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டு என்று சொல்லி அந்தத் தடையிலிருந்து அவற்றை விடுவித்தது. "திறமையா, அதிர்ஷ்டமா" என்ற அந்த வழக்காடலை எல்லாம் 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் ஓரங்கட்டிவிட்டது. காசு கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் எதுவானாலும், திறமையோ அதிர்ஷ்டமோ, இந்தியாவில் நடத்தக்கூடாது. ஆகஸ்ட் 22-ல் குடியரசுத் தலைவர் கையெழுத்திட்டார், அதோடு என் நோட்டும் முடிந்தது. தம்பி இருப்பது உரிமம் வாங்கிய தளங்கள் நடக்கும் நாட்டில். அவனுக்காகப் போட்ட ஒப்பீடுதான் இது.

டேபிளைத் தேடுவதற்கு முன்னால் ஒரு சங்கடமான உண்மையை முழுங்கியாக வேண்டும். போக்கர் டேபிளில் காசு விளையாது. எதிரில் இருப்பவன் கொண்டுவந்த காசுதான் சுற்றிச் சுற்றி வருகிறது, அதிலும் ஒவ்வொரு சுற்றிலும் தளம் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. அந்தப் பங்குக்கு ரேக் என்று பெயர். சின்ன காசு டேபிள்களில் பாட் ஒவ்வொன்றிலும், அதாவது ஒரு கையில் நடுவில் சேரும் பந்தயக் காசில், சுமார் 5 சதவீதம், ஒரு உச்சவரம்போடு எடுப்பது வழக்கம். நடுவில் எல்லோருக்கும் பொதுவான சீட்டுகள் விழுவதற்கு முன்பே ஒருவரைத் தவிர மற்றவர்கள் ஃபோல்டு செய்துவிட்டால், அதாவது சீட்டைப் போட்டுவிட்டு விலகிவிட்டால், பெரும்பாலும் ரேக் கிடையாது.

5 சதவீதம்தானே என்று தோன்றும். நெல்லை மூட்டைக் கணக்கில் வியாபாரிக்குப் போட்டவர்களுக்கு இந்த "தானே" எவ்வளவு பெரியது என்று தெரியும். லாபத்தில் எடுக்கும் 5 வேறு, மொத்த வரவில் எடுக்கும் 5 வேறு. 100 கைகள் (ஒருதரம் சீட்டுப் போட்டு ஆடி முடிப்பது ஒரு கை) ஆடி, அதில் நாம் ஜெயித்த பாட்கள் எல்லாம் சேர்ந்து 160 பிக் பிளைண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரேக் 8 பிக் பிளைண்ட். சின்ன டேபிளில் ஒருவன் 100 கைக்கு 5 பிக் பிளைண்ட் லாபம் பார்த்தால் அவன் நல்ல ஆட்டக்காரன். அதாவது நல்ல ஆட்டக்காரன் வீட்டுக்குக் கொண்டுபோவதை விடத் தளம் அவனிடமிருந்து எடுப்பது அதிகம். திறமையில் சரிசமமான ஆறு பேர் ஒரு டேபிளில் உட்கார்ந்தால் ஆறு பேருமே தோற்பார்கள். ஆகவே லாபமான டேபிள் என்றால், ரேக்கையும் நம் லாபத்தையும் சேர்த்துத் தாங்குகிற அளவுக்கு யாரோ ஒருவர் தப்பாக ஆடிக்கொண்டிருக்கும் டேபிள். வேறு அர்த்தம் கிடையாது.

சரி, தம்பி கேட்ட கேள்விக்கு வருவோம்.

ஒன்பது பேர் டேபிளில் பிளைண்ட் கட்டும் முறை ஒன்பது கைக்கு ஒருதரம்தான் வரும். ஒரு சுற்றுக்கு ஒன்றரை பிக் பிளைண்ட் செலவு. ஆக, ஒரு கையும் ஆடாமல் சும்மா உட்கார்ந்திருந்தால் 100 கைக்கு ஏறக்குறைய 17 பிக் பிளைண்ட் போகும். ஆறு பேர் டேபிளில் அதே சும்மா உட்காருவதற்கு 25 போகும். பொறுமைசாலிக்கு ஒன்பது பேர் டேபிள் மலிவான வாடகை வீடு மாதிரி. அதனால்தான் அங்கே பொறுமைசாலிகளாகவே வந்து சேர்கிறார்கள்! ஆஸ் ஜோடி வரும்வரை அசையாமல் இருக்கும் அவர்களுக்கு நான் வைத்த பெயர் கல்லுப்பிள்ளையார். ஒரு டேபிளில் ஏழு கல்லுப்பிள்ளையார் இருந்தால் நாம் என்ன பூஜை செய்தாலும் பிரசாதம் கிடைக்காது. நாலைந்து பேர் வெறுமனே கால் செய்து, அதாவது ஏற்றாமல் இருக்கிற தொகைக்குச் சமமாக மட்டும் போட்டு, உள்ளே வருகிற ஒன்பது பேர் டேபிள் அமைந்தால் அது பொன் விளையும் பூமிதான், மறுக்கவில்லை. ஆனால் அப்படி ஒன்றைத் தேடுவதிலேயே இரவு போய்விடும்.

ஆறு பேர் டேபிளில் வாடகை கூட. ஆனால் தப்பாக ஆடுகிறவன் ஒருவன் இருந்தால் ஒன்பதில் ஒருவனாக இல்லாமல் ஆறில் ஒருவனாக இருப்பான். அவனோடு மோதும் வாய்ப்பு அடிக்கடி வரும், பங்குக்கு வருகிறவர்களும் குறைவு. நோட்டைப் பார்த்து நான் சொல்லும் தீர்ப்பு: பொழுதுபோக்குக்காக ஆடுகிறவர் இரண்டு பேராவது இருந்தால் ஆறு பேர் டேபிள். ஒருவர்கூட இல்லையென்றால் எந்த டேபிளும் வேண்டாம்.

மூன்றாவது வகை ஒன்று உண்டு, புதிதாக வருகிறவர்கள் முதலில் அதில்தான் விழுவார்கள். ஃபோல்டு அழுத்திய மறு நொடி வேறு டேபிளில் வேறு ஆட்களோடு புதுச் சீட்டு விழும். 2010-ல் ஃபுல் டில்ட் தளம் 'ரஷ்' என்ற பெயரில் கொண்டுவந்தது, 2012-ல் போக்கர்ஸ்டார்ஸ் 'ஜூம்' என்று தொடங்கியது. சாதாரண டேபிளில் மணிக்கு 60, 80 கை பார்ப்பவன் இதில் 200-ஐத் தாண்டுவான். காத்திருப்பு இல்லை, போர் அடிக்காது. ஆனால் டேபிளைத் தேர்ந்தெடுப்பது என்ற ஒரே ஆயுதத்தையும் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டுதான் உள்ளே விடுவார்கள். யார் பக்கத்தில் உட்காருகிறோம் என்பதே கிடையாது. ஒருவன் எப்படி ஆடுகிறான் என்று புரிவதற்குள் அவன் போய்விடுவான். வேகம் நமக்குக் கூடுவது போலவே ரேக்குக்கும் கூடுகிறது. அரை மணி நேரம் மட்டும் கையில் இருக்கிறவனுக்கு வேண்டுமானால் ஆகட்டும்.

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான சங்கதி. எத்தனை பேர் டேபிள் என்பதை விட, அதில் எந்த நாற்காலி என்பது பெரிய கேள்வி.

நான் பிறந்தது தலைஞாயிறு பக்கம், சுத்தமான கடைமடை. ஜூன் 12 மேட்டூர் திறப்பு என்று பேப்பரில் படம் வரும், மூன்று நான்கு நாளில் கல்லணையில் பூத்தூவித் திறப்பார்கள், எங்கள் வாய்க்காலில் மட்டும் தவளைகூடக் கத்தாது. தலைமடைக்காரன் நாற்றங்கால் விட்டு முடிக்கும்போது நாங்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். தண்ணீரில் முதலில் இருப்பவனுக்கு லாபம், கடைசியில் இருப்பவனுக்கு மிச்சம். போக்கரில் இது அப்படியே தலைகீழ். முறை கடிகார முள் போகும் திசையில் சுற்றுகிறது. வலப்பக்கம் இருப்பவன் முதலில் முடிவெடுக்கிறான், நாம் அதைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கிறோம். கடைசியில் பேசுகிறவனிடம்தான் விவரம் அதிகம். காசும் வலமிருந்து இடமாக, கடைமடையை நோக்கியே ஓடுகிறது. வாழ்க்கையில் முதல்முறையாகக் கடைமடைக்காரனாக இருப்பதில் ஒரு லாபம் உண்டு என்று எனக்குக் காட்டியது இந்தப் பாழாய்ப்போன ஆட்டம்தான்.

அதனால் கண்டபடி ஆடுகிறவன் நமக்கு வலப்பக்கம் இருக்க வேண்டும். நன்றாக ஆடுகிற, அடிக்கடி ரெய்ஸ் அடிக்கிற (பந்தயத்தை ஏற்றுகிற) ஆளும் முடிந்தால் வலப்பக்கமே. கல்லுப்பிள்ளையார்கள் இடப்பக்கம் இருக்கட்டும், அவர்களால் தொந்தரவில்லை.

நோட்டிலிருந்து ஒரு கை. 2 ரூபாய் பிக் பிளைண்ட், ஆறு பேர். எனக்கு வலப்பக்கம் ஒருவர், ஏறக்குறைய இரண்டு கைக்கு ஒரு கை உள்ளே வந்துகொண்டிருந்தார். அவர் 2 ரூபாய் போட்டுக் கால் செய்தார். கடைசியாக முடிவெடுக்கும் இடமான பட்டனில் நான், கையில் ஆஸும் ராணியும். 10 ரூபாய்க்கு ஏற்றினேன். பிளைண்டுகள் இரண்டும் விலக, அவர் கால். பாட் 23. பொதுச் சீட்டில் ராணி, ஏழு, நாலு. அவர் செக், அதாவது காசு போடாமல் முறையைத் தள்ளிவிட்டார். நான் 15, அவர் கால். நாலாவது சீட்டு இரண்டு. செக். நான் 35, கால். கடைசிச் சீட்டு ஒன்பது. செக். நான் 80. சில நொடி யோசித்துவிட்டுக் கால். அவர் கையில் இருந்தது ஏழும் ஆறும்.

பாட் 283 ரூபாய். 5 சதவீதம் ரேக் 14 போக எனக்கு வந்தது 269. நான் போட்டது 140, லாபம் 129. இதில் நான் என்ன சாமர்த்தியம் செய்தேன்? ஒன்றுமே இல்லை. அவர் ஒவ்வொரு முறையும் எனக்கு முன்னால் செக் சொன்னார், அதனால் பயமில்லாமல் போட முடிந்தது. அவரே இடப்பக்கம் இருந்திருந்தால், நான் போட்ட பிறகு அவர் ஏற்றுவாரோ என்று தயங்கியிருப்பேன், இதில் பாதிகூட வாங்கியிருக்க மாட்டேன். அதே ஆள், அதே சீட்டு, நாற்காலி மட்டும்தான் வேறு.

அப்படிப்பட்ட ஆளை டேபிளுக்குள் போகாமலே எப்படிக் கண்டுபிடிப்பது? பல தளங்களில் டேபிள் பட்டியல் இருக்கும் லாபியிலேயே இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று சராசரி பாட், இன்னொன்று எத்தனை சதவீதம் பேர் விலகாமல் ஃப்ளாப்பை, அதாவது முதல் மூன்று பொதுச் சீட்டை, பார்க்கிறார்கள் என்பது. எல்லோரும் முதல் எண்ணைத்தான் பார்ப்பார்கள். அது ஏமாற்றும். நன்றாக ஆடும் இரண்டு பேர் ஒருவர்மேல் ஒருவர் ரெய்ஸ் அடித்துக்கொண்டாலும் சராசரி பாட் வீங்கிவிடும். இரண்டாவது எண்தான் மெய்க்காட்டி. ஆறு பேர் டேபிளில் அது 30-ஐத் தாண்டினால் எட்டிப் பார்ப்பேன், 40-ஐத் தொட்டால் வரிசையில் பெயர் போட்டுவிடுவேன். 20-க்குக் கீழே என்றால் அது சங்கீத வித்வான்கள் மட்டும் கூடியிருக்கும் சபை, நமக்கு வேலையில்லை.

சில தளங்களில் பெயரையும் எண்ணையும் மறைத்துவிடுகிறார்கள். அங்கே ஸ்டாக்கை, அதாவது ஒருவர் டேபிளில் வைத்திருக்கும் காசை, பார்க்க வேண்டும். தினசரி ஆடுகிறவன் 100 பிக் பிளைண்டோடு உட்காருவான், கொஞ்சம் குறைந்தாலும் மறுபடி 100-க்கு நிரப்பிக்கொள்வான். 37, 61 என்று கையில் இருந்ததைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவன் பெரும்பாலும் பொழுதுபோக்குக்காக வந்தவன். உட்கார்ந்த உடனே, தன் முறை வரும்வரை பொறுக்காமல் பிளைண்ட் கட்டி உள்ளே குதிக்கிறவன், பாட் பெரிதாக இருக்கும்போதும் இருப்பதிலேயே குறைந்த தொகையைப் போடுகிறவன், ஏற்றாமல் எப்போதும் கால் மட்டுமே செய்கிறவன் எல்லோரும் அதே ஜாதகம். இருபது முப்பது கை பார்த்தால் போதும்.

நேரம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வெள்ளி, சனி இரவு, சம்பளம் வந்த வாரம். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குப் போக்கர் ஆடுகிறவன் அதையே தொழிலாக வைத்திருப்பவன்.

எந்த அளவு காசு? இதில்தான் தம்பிக்கு என்மேல் கோபம் வந்தது. பிக் பிளைண்ட் 2 பென்ஸ் டேபிளில் முழு ஸ்டாக் 2 பவுண்ட். 100 கைக்கு 5 பிக் பிளைண்ட் லாபம் என்றால் 10 பென்ஸ். ஒரே டேபிளில் மணிக்கு 70 கை என்றால் 7 பென்ஸ் கூலி. 10 பென்ஸ் டேபிளுக்கு ஏறி, நான்கு டேபிளை ஒன்றாகத் திறந்துவைத்து மணிக்கு 300 கை ஆடி, அங்கேயும் அதே 5-ஐ எடுக்க முடிந்தால் மணிக்கு ஒன்றரை பவுண்ட். பிரிட்டனில் 21 வயது ஆனவருக்குக் குறைந்தபட்சக் கூலியே 2025 ஏப்ரலில் மணிக்கு 12 பவுண்ட் 21 பென்ஸ் ஆகிவிட்டது. "ஓவர்டைம் கேட்டு வாங்குடா" என்றேன். இரண்டு நாள் பதில் இல்லை.

பிறகு வந்தான். வருமானத்துக்கு இல்லை, ஆட்டம் பிடிச்சிருக்கு, அதனால்தான் என்றான். அப்படியென்றால் 5 பென்ஸ் டேபிள், முப்பது நாற்பது ஸ்டாக்குக்குச் சமமான தொகையைத் தனியாக வைத்துக்கொண்டு, ஒரே நேரத்தில் இரண்டு டேபிளுக்கு மேல் திறக்காமல். நான்கு டேபிள் திறந்தால் யார் எப்படி ஆடுகிறார்கள் என்று பார்க்கக் கண் இருக்காது, பிறகு தேர்ந்தெடுத்து என்ன பயன்? 2 பென்ஸிலேயே தங்கிவிடுவதும் தப்பில்லை, அங்கே தப்பு செய்பவர்கள் அதிகம்.

முப்பது நாற்பது எதற்கு என்றால், ஏற்ற இறக்கம் அப்படி. ஆறு பேர் டேபிளில் 100 கைக்கு 90 பிக் பிளைண்ட் மேலும் கீழும் போவது சாதாரணம். 10,000 கையில் அது 900 ஆகும் (கை நூறு மடங்கானால் ஏற்ற இறக்கம் பத்து மடங்குதான் கூடும்). நல்ல ஆட்டக்காரனுக்கு 10,000 கையில் வர வேண்டியது 500. ஆக, சரியாக ஆடிய ஒருவன் 10,000 கை முடிவில் 400 பிக் பிளைண்ட், அதாவது நான்கு முழு ஸ்டாக் நஷ்டத்தில் நிற்பதும் நடக்கக்கூடியதுதான். ஒரே டேபிளில் 140 மணி நேரம் ஆடினால்தான் 10,000 கை வரும். ஒரு வாரம் ஜெயித்துவிட்டு "எனக்கு வந்துடுச்சுண்ணே" என்பவனிடம் இந்தக் கணக்கைக் காட்டுவேன்.

நாடு மாறினால் கணக்கும் மாறும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இங்கே 2023 அக்டோபரிலிருந்து, நான் ஆடிய காலம் வரை, கட்டும் தொகை மீதே 28 சதவீதம் ஜிஎஸ்டி இருந்தது. 1000 ரூபாய் போட்டால் வரி போக ஆடக் கிடைத்தது 781, மீதியைப் பல தளங்கள் போனஸ் என்ற பெயரில் ஈடுகட்டின. ஜெயித்த நிகரத் தொகையில் 30 சதவீதம் டிடிஎஸ் பிடித்தார்கள். அந்தச் சுமையோடு 2 ரூபாய் டேபிளில் லாபம் பார்ப்பது கோடையில் குறுவை போட்ட கதை. பிரிட்டனில் ஜெயித்ததற்கு ஆடுகிறவர் வரி கட்ட வேண்டியதில்லை. கிரெடிட் கார்டில் காசு கட்ட 2020 ஏப்ரலிலிருந்து தடை. ஒரு வாரத்துக்கு இவ்வளவுதான் என்று தளத்திலேயே வரம்பு வைத்துக்கொள்ளலாம். வேண்டவே வேண்டாம் என்றால் 'காம்ஸ்டாப்' (GAMSTOP) என்ற பதிவு இருக்கிறது, ஒருதரம் பெயர் கொடுத்தால் உரிமம் பெற்ற எல்லாத் தளமும் கதவைச் சாத்திவிடும். டேபிள் தேடுவதற்கு முன்னால் வரம்பை வைத்துவிட்டு வா என்று சொல்லியிருக்கிறேன்.

தடைக்குப் பிறகு இங்கே இன்னொரு வகை டேபிள் முளைத்திருக்கிறது. ஏஜென்ட் ஒருவர், ஒரு கிளப் ஆப், காசை அவர் கணக்குக்கு அனுப்பினால் ஆப்பில் சிப் ஏறும். "அங்க எல்லாம் ஈஸியான ஆளுங்கண்ணா" என்று ஒருவர் என்னையும் கூப்பிட்டார். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். சிப்பைக் காசாக்கித் தர மறுத்தால் யாரிடம் போய்க் கேட்பது? எதிரே இருக்கும் இரண்டு பேர் போனில் சீட்டைச் சொல்லிக்கொண்டு ஆடினால் யார் பார்ப்பார்கள்? எல்லோரும் ஈஸியான ஆட்கள் என்று சொல்லி நம்மைக் கூப்பிடுகிறார்கள் என்றால் அந்த ஈஸியான ஆள் யார் என்று யோசிக்க வேண்டாமா?

ஒன்றைத் தம்பியிடம் சொல்லவில்லை, இங்கே எழுதிவிடுகிறேன். 2024-ல் ஒரு இரவு ஒன்றரை மணி. நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆடக்கூடாது என்ற தமிழ்நாட்டு விதி அப்போது வரவில்லை. வலப்பக்கம் ஒருவர், நான் தேடும் அத்தனை அடையாளமும் உள்ளவர். 200 போட்டு இழந்தார், மறுபடி 200, மறுபடி 200. ஐந்தாவது முறை போட்டபோதுதான் அவர் பெயரை முழுதாகப் படித்தேன். கடைசியில் ஒட்டியிருந்தது எங்கள் ஊரிலிருந்து எட்டு கிலோமீட்டரில் இருக்கும் ஒரு கிராமத்தின் பெயர். தை மாதம், அறுவடைப் பணம் வரும் காலம். அவருக்கு நிலம் இருந்ததா, என்ன வேலை, எதுவும் எனக்குத் தெரியாது. டேபிளை மூடிவிட்டேன். நோட்டில் அன்றைய பக்கத்தில் 340 ரூபாய் லாபம் என்றுதான் இருக்கிறது.

நேற்று இரவு தம்பி இரண்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான். இரண்டும் 5 பென்ஸ், ஆறு பேர். முதலாவதில் சராசரி பாட் பெரியது, ஃப்ளாப் பார்ப்பவர்கள் 19 சதவீதம். இரண்டாவதில் பாட் சின்னது, 41 சதவீதம், ஒரே ஒரு நாற்காலி காலி.

"ரெண்டாவதுதானேண்ணே?"

"ஆமா. யாரு கண்டபடி கால் பண்றான்?"

"கீழ இருக்கறவன். 46 பிக் பிளைண்ட் வச்சிருக்கான்."

"காலி நாற்காலி அவனுக்கு எந்தப் பக்கம்?"

கொஞ்ச நேரம் டைப் செய்துகொண்டே இருந்தான். "வலப்பக்கம்ணே. எனக்கப்புறம்தான் அவன் பேசுவான்."

"அப்ப உக்காராத. அவனுக்கு இடப்பக்கம் இருக்கறவன் எப்ப எழுந்திரிக்கிறான்னு பாரு. போய் டீ போட்டுட்டு வா."